கடை இடம் மாறி ரெண்டு வருஷம் ஆச்சு, கூகுள் மேப்ல இன்னும் பழைய இடம்தான் காட்டுது, புது கஸ்டமர் வர்றதே இல்ல. என்ன பண்ணலாம்?

கணபதி_கிரைண்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. வெவரம் தெரிஞ்சவங்க யாராவது சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

எங்கப்பா கோயமுத்தூர் கணபதியில 24 வருஷமா கிரைண்டர், மிக்ஸி சர்வீஸ் கடை வெச்சிருக்காருங்க. கல்லு கொத்துறது, பெல்ட் மாத்துறது, பேரிங் போடறது, மோட்டாருக்கு காயில் கட்டுறது எல்லாமே அவரே பண்ணுவாரு. டேபிள் டாப், டில்டிங், மெஸ்ஸுல போடற பெரிய கிரைண்டர்னு எது வந்தாலும் பாப்பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி கடை இருந்த பில்டிங்க இடிக்கறோம்னு சொல்லிட்டாங்க, அதனால சங்கனூர் ரோட்டுப் பக்கம் ஒன்னேகால் கிலோமீட்டர் தள்ளி ஒரு கடை புடிச்சு மாறிட்டோம். பழைய கஸ்டமருங்க ஃபோன்ல கேட்டு எப்படியோ வந்துடறாங்க. ஆனா புதுசா குடிவந்த அபார்ட்மெண்ட்காரங்க எல்லாம் ஃபோன்ல தேடித்தான் போறாங்க, அவங்களுக்கு எங்க கடை இருக்கறதே தெரியறதில்லைங்க.

மேப்ல "கிரைண்டர் ரிப்பேர்"னு அடிச்சா நாங்க எங்கயோ ஏழாவது எட்டாவதா வர்றோம், அதுவும் பழைய இடத்துல. இப்ப என்ன நிலைமைன்னா மேப்ல எங்க கடைக்கு ரெண்டு லிஸ்டிங், அதாவது கடை பேரு, அட்ரஸ், ரிவ்யூ எல்லாம் இருக்கற பக்கம், ரெண்டு இருக்குங்க.

பழைய லிஸ்டிங்: 61 ரிவ்யூ, 4.6 ஸ்டார். இத 2021ல ஒருத்தர் கடைக்கு வந்து "கூகுள்ல இருந்து வர்றோம், உங்க கடைய ஃபர்ஸ்ட் எடத்துல கொண்டு வந்துடறோம்"னு சொல்லி 6,500 ரூபா வாங்கிட்டு செஞ்சு குடுத்தாரு. அவரோட ஜிமெயில்லதான் எல்லாம் இருக்கு, எங்க கிட்ட பாஸ்வேர்டு இல்ல, அவரு நம்பரும் இப்ப போகறதில்ல. கடை பேரு போர்டுல ரெண்டே வார்த்தைதாங்க, ஆனா அவரு அதுக்குப் பின்னாடி "பெஸ்ட் கிரைண்டர் மிக்ஸி ரிப்பேர் சர்வீஸ் கோயமுத்தூர் காந்திபுரம்"னு ஒரு முழம் நீளத்துக்கு சேத்து வெச்சிருக்காரு. கேட்டகிரி "எலக்ட்ரானிக்ஸ் ஸ்டோர்"னு போட்டிருக்கு. நேரம் 24 மணி நேரமும் திறந்திருக்கும்னு இருக்கு. ராத்திரி 11 மணிக்கெல்லாம் அப்பாவுக்கு ஃபோன் வருது.

புது லிஸ்டிங்: போன வருஷம் நானா புது அட்ரஸ்ல ஒண்ணு ஆரம்பிச்சேன். வீடியோ எடுத்து அனுப்பி வெரிஃபை ஆயிடுச்சு. ஆனா 3 ரிவ்யூதான், தேடினா எங்கயுமே வரமாட்டேங்குது.

போன மாசம் நடந்தது ஒண்ணு சொல்றேன். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஒரு அம்மா ஃபோன் பண்ணி "ஏனுங்க, மேப் இங்கதான்னு சொல்லுது, இங்க பாத்தா ஏதோ கட்டட வேலை நடக்குது, கடையக் காணோமே"ன்னாங்க. கிரைண்டர் ட்ரம்மும் கல்லும் ஒரு கட்டப்பையில போட்டு பஸ்ஸுல கொண்டுவந்திருக்காங்க. அந்த வெயில்ல அரைமணி நேரம் தேடியிருக்காங்க. அப்பா வண்டிய எடுத்துட்டுப் போய் அவங்கள கூட்டிட்டு வந்தாரு. கல்லு கொத்திக் குடுத்துட்டு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி அப்பா சரியா சாப்படவே இல்லைங்க. அதான் இத சரி பண்ணியே ஆகணும்னு உக்காந்திருக்கேன்.

இப்ப இன்னொருத்தரு ஃபோன் பண்ணி மாசம் 4,000 குடுத்தா டாப் மூணுல கொண்டு வர்றேன், 100 ரிவ்யூவும் போட்டுத் தர்றேன்ங்கறாரு. குடுக்கலாமா? இல்ல நாமளே பண்ண முடியுமா?


திருச்சி_வரைபடம் எழுதியது:

சிஸ்டர், மொதல்ல அந்த 4,000த்த குடுக்காதீங்க. நான் இந்த வேலைதான் பண்றேன், அதனால சொல்றேன். மேப்ல மேல வர்றதுக்கு கூகுளுக்கு காசு குடுக்குற வழியே கிடையாது, அத அவங்களே அவங்க உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. லிஸ்டிங் போடுறது முழுக்க ஃப்ரீ. விளம்பரம் வேற விஷயம், அதுல "ஸ்பான்சர்ட்"னு தனியா போட்டு வரும். "கூகுள்ல இருந்து பேசுறோம், காசு கட்டலன்னா உங்க கடை மேப்ல இருந்து போயிடும்"னு எவன் பேசினாலும் கட் பண்ணிடுங்க.

மேப் எத வச்சு வரிசைப்படுத்துதுன்னா மூணே விஷயம். தேடுறவங்க கேட்டதுக்கும் உங்க கடைக்கும் எவ்வளவு பொருந்துது, தேடுறவங்க நிக்கிற எடத்துல இருந்து கடை எவ்வளவு தூரம், கடை எந்த அளவுக்கு பேர் தெரிஞ்ச கடை. உங்க விஷயத்துல இந்த மூணுமே அடிபட்டிருக்கு பாருங்க. கேட்டகிரி எலக்ட்ரானிக்ஸ் ஸ்டோர், அதாவது நீங்க டிவி விக்கிறீங்கன்னு மேப் நினைச்சுக்கிட்டு இருக்கு. மேப்ல கடை இருக்குற எடத்த காட்டுற குறி, அதாவது பின் (pin), பழைய எடத்துல இருக்கு, அதனால தூரக் கணக்கும் தப்பு. 24 வருஷப் பேரு 61 ரிவ்யூவா பழைய லிஸ்டிங்ல மாட்டிக்கிட்டிருக்கு, புதுசுல அது வரல. ஒரே கடைக்கு ஒரே ஃபோன் நம்பர்ல ரெண்டு லிஸ்டிங் இருந்தா ஒண்ணு டூப்ளிகேட்னு ஒதுக்கப்படுறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு, உங்க புது லிஸ்டிங் வராததுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

கடை இடம் மாறினா புது லிஸ்டிங் போடக் கூடாது சிஸ்டர், இருக்குற லிஸ்டிங்லயே அட்ரஸ மாத்தணும். அப்பதான் ரிவ்யூ கூடவே வரும். அதனால உங்க மொத வேலை பழைய லிஸ்டிங்க கைக்கு கொண்டு வர்றது.

உங்க ஜிமெயில்ல லாகின் பண்ணிட்டு மேப்ல பழைய லிஸ்டிங்க திறந்து "இந்த பிசினஸ க்ளெய்ம் பண்ணு"ங்கிறத அழுத்துங்க. இது வேற ஒருத்தர் கையில இருக்குன்னு சொல்லி, அவரோட மெயில் ஐடில கொஞ்சத்த மட்டும் காட்டும். "ரிக்வெஸ்ட் ஆக்செஸ்" குடுங்க. இப்ப இருக்குற ஓனருக்கு 3 நாள் டைம் உண்டு. அவர் பதிலே சொல்லலன்னா பெரும்பாலும் நீங்களே வெரிஃபை பண்ணி எடுத்துக்குற ஆப்ஷன் வரும். அவர் மறுத்துட்டா கூட அப்பீல் பண்ணலாம். கைக்கு வந்ததும் அப்பாவோட ஜிமெயில ஓனரா வைங்க, நீங்க மேனேஜரா இருங்க, இனிமே எவர் வந்து வேலை செஞ்சாலும் மேனேஜர் ஆக்செஸ் மட்டும் குடுங்க, ஓனர்ஷிப்ப யாருக்கும் குடுக்காதீங்க.

வெரிஃபிகேஷன் இப்பல்லாம் அனேகமா வீடியோதான் கேக்குது. நீங்க ஏற்கனவே ஒரு தடவ எடுத்திருக்கீங்க, இருந்தாலும் சொல்றேன். வெட்டி ஒட்டாம ஒரே ஓட்டமா எடுக்கணும். ரோட்டுல ஆரம்பிங்க, தெருப்பேர் போர்டோ பக்கத்துக் கடையோ தெரியட்டும், அப்படியே உங்க போர்டு, அப்பா சாவி போட்டு ஷட்டர தூக்குறது, உள்ள காயில் கட்டுற மெஷின், கழட்டி வச்ச கிரைண்டர், கடை பேர் போட்ட பில் புக். மூணு விஷயம் அதுல தெரியணும், இடம் இதுதான், கடை நிஜமா நடக்குது, நீங்கதான் நடத்துறீங்க. பேங்க் பாஸ்புக், ஆதார், கஸ்டமர் முகம் இதெல்லாம் வீடியோல வர வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொண்ணா மாத்துங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, அது என்னோட அனுபவம். நான் பண்ணா மொதல்ல அட்ரஸும் பின்னும். அட்ரஸ் டைப் பண்ணா மட்டும் பத்தாது, பின்ன விரலால இழுத்து கடை வாசல்ல, ரோட்டப் பாத்த பக்கமா வைங்க. அடுத்தது பேரு. போர்டுல என்ன எழுதியிருக்கோ அது மட்டும்தான் பேரு, அந்த "பெஸ்ட்", "காந்திபுரம்" எல்லாம் போயிடணும். பேர்ல கூட வார்த்தை சேத்தா கொஞ்ச நாள் மேல வரும்தான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா பக்கத்துக் கடைக்காரர் ஒருத்தர் ரிப்போர்ட் பண்ணா போச்சு, மொத்த லிஸ்டிங்கும் சஸ்பெண்ட் ஆகிடும், 61 ரிவ்யூவோட.

கேட்டகிரிதான் பொருத்தத்துல ரொம்ப முக்கியம். முதல் கேட்டகிரி "அப்ளையன்ஸ் ரிப்பேர் சர்வீஸ்"னு வைங்க. இன்னும் 9 வரைக்கும் சேக்கலாம், ஆனா சேக்கலாங்குறதுக்காக சேக்காதீங்க, நீங்க நிஜமா பண்ற வேலைக்கு எது இருக்கோ அது மட்டும் போதும். சர்வீஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுல உங்க சொந்த வார்த்தையிலயே எழுதலாம். கிரைண்டர் கல் கொத்துதல், பெல்ட் மாற்றுதல், மிக்ஸி ஜார் பிளேடு, மோட்டார் காயில் கட்டுதல்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடுங்க. 750 எழுத்துக்குள்ள டிஸ்கிரிப்ஷன் ஒண்ணு எழுதலாம், அது ரேங்க்குக்கு உதவும்னு எதிர்பாக்காதீங்க, படிக்கிறவங்களுக்காக எழுதுங்க. எத்தன வருஷமா இருக்கீங்க, எந்தெந்த கிரைண்டர் பாப்பீங்க, கல்லு கொத்த எத்தன நாள் ஆகும்னு நேரா எழுதினா போதும்.

நேரம். 24 மணி நேரம்ங்கிறத உடனே எடுங்க. 2023 கடைசியில இருந்து தேடுற நேரத்துல திறந்திருக்குற கடைய மேல காட்டுறது கூடியிருக்கு, அதுக்காகத்தான் நிறையப் பேர் 24 மணி நேரம்னு பொய்யா போடுறாங்க. ஆனா பூட்டின கடைக்கு வந்து நிக்கிறவங்க அந்தக் கோவத்த ஒரு ஸ்டார்ல காட்டிட்டுப் போயிடுவாங்க. அப்பா மத்தியானம் சாப்பாட்டுக்கு பூட்டுவார்னா அதையும் ரெண்டா பிரிச்சு போடலாம். பொங்கல், தீபாவளிக்கு ஸ்பெஷல் ஹவர்ஸ் தனியா இருக்கு.

தூரத்த பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இத யாரும் சொல்ல மாட்டாங்க. மேப் தேடுறவங்க நிக்கிற எடத்த வச்சுதான் காட்டும். 2021 கடைசியில வந்த மாற்றத்துக்கு அப்புறம் தூரத்துக்கு இன்னும் வெயிட் கூடிடுச்சு. அதனால சங்கனூர், கணபதி, ரத்தினபுரியில நீங்க மேல வரலாம், ஆர்.எஸ்.புரத்துல நின்னு தேடுறவங்களுக்கு அங்க பக்கத்துல இருக்குற கடைதான் மொதல்ல வரும். கடையில உக்காந்து உங்க ஃபோன்ல தேடிப் பாத்து சந்தோஷமும் படாதீங்க, கவலையும் படாதீங்க. சொந்தக்காரங்க யாராவது வேற வேற ஏரியால இருந்தா அவங்கள தேடச் சொல்லி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க.

பழைய லிஸ்டிங் சரியா ஆனப்புறம் நீங்க ஆரம்பிச்சத டூப்ளிகேட்னு சொல்லி எடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி எடுக்காதீங்க.


மதுரை_மெஸ்காரன் எழுதியது:

தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் ரிவ்யூ பத்தி மட்டும் சொல்றேம்மா, ஏன்னா அதுல நான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டது.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள்ள மெஸ் வச்சிருக்கேன். ஆரம்பத்துல என் மச்சினன் பையன் "மாமா நான் பாத்துக்கிறேன்"னுட்டு அவன் ஃபிரண்டுங்க இருபது பேர விட்டு ரெண்டே நாள்ல இருபது அஞ்சு ஸ்டார் போட வச்சான். சாப்பிடவே வராத பசங்க. ஒரு மாசத்துல அதுல முக்காவாசி காணாமப் போச்சு, கூடவே நெசமா சாப்பிட்டவங்க போட்ட ரெண்டு மூணும் போயிருச்சு. அதுல ஒண்ணு, பெரியாஸ்பத்திரிக்கு மகள சேத்துட்டு தினம் வந்து சாப்பிட்டுப் போன ஒரு அம்மா எழுதினது, "மகளுக்கு காரம் ஆகாதுன்னு சொன்னதும் ரசத்த தனியா வச்சுக் குடுத்தாங்க"ன்னு. அது போனதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. அதனால அந்த 100 ரிவ்யூகாரர கிட்ட சேக்காதம்மா.

இப்ப நான் என்ன பண்றேன்னா, ப்ரொஃபைல்ல ரிவ்யூ கேக்குறதுக்குன்னே ஒரு லிங்க்கும் க்யூஆர் கோடும் குடுக்குறாய்ங்க. அத பிரிண்ட் போட்டு கல்லாவுல சோம்பு தட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். சும்மா வச்சா யாரும் பாக்க மாட்டாங்க, வாயத் தொறந்து கேக்கணும். காசு குடுக்கும்போது "சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க, குறை இருந்தாலும் எழுதுங்க"ன்னு சொல்லுவேன். பத்துப் பேர கேட்டா ஒருத்தரோ ரெண்டு பேரோ எழுதுவாங்க, அம்புட்டுதான். ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு வந்துக்கிட்டே இருக்கு பாரு, அதுதான் வேணும். ஒரே நாள்ல முப்பது வந்து அப்புறம் ஆறு மாசம் ஒண்ணுமே இல்லேன்னா பாக்குறவங்களுக்கே சந்தேகம் வந்துரும்.

செய்யக் கூடாதது மூணு. ரிவ்யூ போட்டா அம்பது ரூவா தள்ளுபடின்னு போடக் கூடாது, அது ரூல்ஸ்லயே தப்பு. நல்லா இருக்குன்னு சொன்னவங்கள மட்டும் பாத்து கேக்குறதும் தப்பு. அப்புறம் வயசானவங்க "எனக்கு போடத் தெரியாதுப்பா, நீயே போட்டுரு"ம்பாங்க, கடை ஃபோன்ல இருந்து அவங்களுக்காக நீ போட்டுறாத.

என்ன எழுதணும்னு சொல்லிக் குடுக்காத. ஆனா "என்ன வேலை செஞ்சோம்னு எழுதுங்க"ன்னு கேக்கலாம். உங்க கடையில ஒருத்தர் "கல்லு கொத்திக் குடுத்தாங்க, மாவு இப்ப நல்லா பொங்குது"ன்னு எழுதினாருன்னு வையி, வேற யாராவது கிரைண்டர் கல்லுன்னு தேடும்போது அந்த வரிய மேப்பே எடுத்து உன் கடை பேருக்குக் கீழ காட்டும். எனக்கு "கறி தோசை" அப்படித்தான் வந்துச்சு, நான் எங்கயும் எழுதல, சாப்பிட்டவங்க எழுதினாங்க.

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பதில் போடு. திட்டி எழுதினாலும் போடு, சண்டை மட்டும் போடாத. திட்டுறாங்குறதுக்காக ரிவ்யூவ எடுக்க மாட்டாங்க. பொய், கெட்ட வார்த்தை, கடைக்கே வராதவன் போட்டது, இப்படி ரூல்ஸ மீறினாத்தான் ரிப்போர்ட் பண்ணி பாக்கலாம், அதுவும் நாளாகும். அதுக்குள்ள நீ எழுதுற பதிலத்தான் அடுத்து வர்றவங்க படிக்கிறாங்க.


வேளச்சேரி_லேப்டாப் எழுதியது:

திருச்சி அண்ணா சொன்ன அந்த சஸ்பெண்ட் எனக்கு நடந்திருக்கு, அதான் எழுதுறேன். நான் லேப்டாப் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். பேர்ல ஏரியா, வேலை எல்லாம் சேத்து வெச்சிருந்தேன், ஒரு நாள் காலைல பாத்தா ப்ரொஃபைல் சஸ்பெண்டட்னு மெயில். அன்னைல இருந்து ஃபோனே அடிக்கல, ஒரு மாசம் கடை வாடகைய கைல இருந்து குடுத்தேன்.

அப்பீல் பண்ணும்போது நான் பண்ண தப்ப நீங்க பண்ணிடாதீங்க. ஃபார்ம திறந்து, ஆதாரம் அப்லோட் பண்ற எடத்துக்கு வந்தா 60 நிமிஷம்தான் டைம், அதுக்குள்ள எல்லா டாக்குமெண்டையும் ஏத்தணும். நான் அது தெரியாம திறந்துட்டு அப்புறமாதான் ஈபி பில்ல தேட ஆரம்பிச்சேன், டைம் போயிடுச்சு, ஒண்ணும் இல்லாமலே அப்பீல் போயி ரிஜெக்ட் ஆச்சு. அதனால ஜிஎஸ்டி இருந்தா அது, இல்லேன்னா உத்யம் சர்டிஃபிகேட் (சின்னத் தொழிலுக்கு அரசாங்கத்துல பதிவு பண்ணி வாங்குறது), கார்ப்பரேஷன் டிரேட் லைசென்ஸ், ஈபி பில், எல்லாத்தையும் மொதல்லயே ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிக்கோங்க. அதுல இருக்குற பேரும் அட்ரஸும் மேப்ல இருக்குறதும் ஒண்ணா இருக்கணும், இதுதான் முக்கியம். கடை இடம் மாறியிருக்குன்னு சொல்றீங்க, உத்யம்ல பழைய அட்ரஸ் இருந்தா மொதல்ல அத மாத்திடுங்க, ஆன்லைன்லயே மாத்தலாம், காசு கிடையாது.

அதே மாதிரி ஜஸ்ட்டயல், சுலேகா, ஃபேஸ்புக் பேஜ்னு எங்கெங்க பழைய அட்ரஸ் கெடக்குதோ அங்கெல்லாம் போயி மாத்துங்க. எங்க பாத்தாலும் ஒரே பேரு, ஒரே அட்ரஸ், ஒரே நம்பர் இருக்கணும். ஆப்பிள் ஃபோன் வெச்சிருக்கறவங்க ஆப்பிள் மேப்ல தேடுவாங்க, அதுலயும் ஃப்ரீயா போடலாம்.


கணபதி_கிரைண்டர் எழுதியது:

ரொம்ப நன்றிங்க அண்ணா, ரொம்ப நன்றிங்க ஐயா. அப்பாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். மெஸ்காரய்யா எழுதினத ரெண்டு தடவ படிக்கச் சொல்லி கேட்டாரு. இன்னிக்கு ரிக்வெஸ்ட் ஆக்செஸ் குடுத்துட்டேன்.

ரெண்டு சந்தேகம்ங்க. ஒண்ணு, அப்பா மெஸ்ஸுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நேர்ல போய் பெரிய கிரைண்டர் பாப்பாரு. அதுக்கு காந்திபுரம், சாய்பாபா காலனி எல்லாம் சர்வீஸ் ஏரியான்னு சேத்தா அங்கயும் தேடினா வருமா? இன்னொண்ணு, வெப்சைட் இல்லாம முடியாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. முன்னாடி மேப்லயே ஒரு வெப்சைட் ஃப்ரீயா குடுத்தாங்களே, அது இப்ப எங்க போச்சுன்னே தெரியல.


திருச்சி_வரைபடம் எழுதியது:

அந்த ஃப்ரீ வெப்சைட்ட 2024 மார்ச்சோட நிறுத்திட்டாங்க சிஸ்டர். உங்க கடைக்கு இப்போதைக்கு வெப்சைட் இல்லேன்னா குடி முழுகிடாது. அந்தக் காசுக்கு நல்ல போர்டு ஒண்ணு எழுதி வைங்க, அது வீடியோலயும் வரும், ஃபோட்டோலயும் வரும், ரோட்டுல போறவங்களுக்கும் தெரியும்.

சர்வீஸ் ஏரியா 20 வரைக்கும் சேக்கலாம். கடைக்கு கஸ்டமர் வர்றாங்க, நீங்களும் போறீங்க, அதனால அட்ரஸையும் வச்சிக்கிட்டு ஏரியாவும் சேத்துக்கலாம், அது சரிதான். ஆனா ஏரியா சேத்ததால அந்த ஏரியால மேல வந்துட மாட்டீங்க, கடை இருக்குற எடத்த வச்சுதான் கணக்கு. "நேர்ல வந்து பாப்பாங்களா"ன்னு பாக்குறவங்களுக்கு ஒரு பதில் கெடைக்கும், அதுக்குத்தான் அது. மண்டபக்காரங்க ஏற்கனவே அப்பாவ தெரிஞ்சவங்களா இருப்பாங்க, அவங்கள ரிவ்யூ எழுதச் சொல்லுங்க, "மண்டபத்து கிரைண்டர நேர்ல வந்து பாத்துக் குடுத்தாரு"ன்னு ஒரு வரி அவங்க எழுதினா உங்க எல்லா ஏரியா லிஸ்ட்டையும் விட அது பெரிசு.

ஃபோட்டோ பத்தி சொல்ல விட்டுட்டேன். நெட்ல எடுத்த பளபளன்னு இருக்குற ஃபோட்டோ வேண்டாம். ரோட்டுல வர்றவங்க கண்ணுக்கு கடை எப்படித் தெரியுமோ அப்படி ரெண்டு ஃபோட்டோ, ஒண்ணு காந்திபுரத்துல இருந்து வர்ற பக்கம், ஒண்ணு எதிர்ப்பக்கம். அப்பா வேலை செய்றது நாலஞ்சு. மாசம் ஒரு தடவ ரெண்டு புதுசு போடுங்க.


கோவை_வாடிக்கையாளர் எழுதியது:

ஏனுங்க, நான் கடைக்காரன் இல்ல, சும்மா படிச்சிட்டிருந்தேன். தேடறவங்க பக்கமா ஒண்ணு சொல்லலாம்னு தோணுச்சு.

போன வருஷம் எங்கம்மா கிரைண்டர்ல மாவு அரைபட மாட்டேங்குது, நரநரன்னு இருக்குன்னு சொன்னாங்க. நான் மேப்ல என்ன அடிச்சேன்னா "கிரைண்டர் கல்லு கொத்தற எடம்"னு தமிழ்லயே மைக்ல பேசினேன். வந்ததுல பாதி புது கிரைண்டர் விக்கற ஷோரூமுங்க. வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு வாங்கின ஊரு இது, இங்கயே கல்லு கொத்த ஆள் தேட வேண்டியிருக்கு. கடைசில ஒரு கடைய எப்படி முடிவு பண்ணேன்னா, ஒரு ஃபோட்டோல ஒரு பெரியவர் உளிய வெச்சு கல்லுல கொத்திட்டு உக்காந்திருந்தாரு. ஸ்டாரு எத்தனைன்னு கூட நான் பாக்கல. ஃபோன் பண்ணேன், எடுத்தாங்க, எவ்வளவு ஆகும்னு கேட்டதுக்கு மழுப்பாம சொன்னாங்க, போயிட்டேன்.

அதனால அப்பா கல்லு கொத்தறத ஒரு ஃபோட்டோ கண்டிப்பா போடுங்க. கொத்தறதுக்கு முன்னாடி வழவழன்னு தேஞ்ச கல்லு, கொத்தின பின்னாடி புள்ளி புள்ளியா இருக்கற கல்லு, பக்கத்துல பக்கத்துல. அப்பறம் ஃபோன எடுங்க. எடுக்க முடியலன்னா திருப்பிக் கூப்புடுங்க, நான் மொதல்ல கூப்பிட்ட ரெண்டு கடைக்காரங்க எடுக்கவே இல்ல, கூப்பிடவும் இல்ல.


கணபதி_கிரைண்டர் எழுதியது (ஏழு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என்னாச்சுன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காது, அதான் வந்தேன்.

பழைய ஆளு ரிக்வெஸ்ட்டுக்கு பதிலே சொல்லல. நாலாவது நாள் வெரிஃபை பண்ணுன்னு வந்துச்சு. மொத வீடியோ ரிஜெக்ட் ஆயிடுச்சுங்க, நான் கடைக்குள்ள இருந்தே எடுக்க ஆரம்பிச்சுட்டேன், ரோடு தெரியல. ரெண்டாவது தடவ எதிர்ல இருக்கற பேக்கரி வாசல்ல இருந்து ஆரம்பிச்சு ரோட்ட தாண்டி வந்து, அப்பா ஷட்டர தூக்கற வரைக்கும் ஒரே வீடியோவா எடுத்தேன். மூணு நாள்ல ஓகே ஆயிடுச்சு. அட்ரஸ் மாத்தி பின்ன இழுத்து வெச்சப்ப 61 ரிவ்யூவும் அப்படியே கூட வந்துச்சுங்க, அத பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. பேர போர்டுல இருக்கற மாதிரி மாத்தினேன், கேட்டகிரி மாத்தினேன், நேரம் காலைல 9.30ல இருந்து 1.30, மறுபடி 3ல இருந்து 8.30, ஞாயித்துக்கிழம லீவு. புது லிஸ்டிங்க எடுத்தாச்சு. உத்யம்லயும் அட்ரஸ் மாத்தியாச்சு.

பேர மாத்தின மொத ரெண்டு வாரம் இருந்ததுக்கும் கீழ போயிட்டோம், பயந்துட்டேன். அப்பறம் மெல்ல மேல வந்துச்சு. இப்ப ரத்தினபுரியில இருந்து சித்தி தேடினா ரெண்டாவதா வர்றோம், கணபதியில மூணாவது. காந்திபுரத்துல இன்னும் முதல் பத்துலயே இல்ல, அண்ணா சொன்ன மாதிரிதான். பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு இருக்குல்லைங்க, அதுல போன மாசம் மேப்ல இருந்து 43 கால் வந்திருக்குன்னு காட்டுது, அதுக்கு முந்தின மாசம் 12. என்ன தேடி வந்தாங்கங்கறதும் அதுல இருக்கு, நான் நெனச்ச வார்த்தை எதுவும் இல்ல, "மிக்ஸி ஜார் ரிப்பேர்"தான் நெறைய. அதனால மிக்ஸி ஜாருக்குன்னு தனியா ரெண்டு ஃபோட்டோ போட்டேன்.

ரிவ்யூ 74 ஆயிருக்கு. அப்பாவுக்கு கேக்கறதுக்கு கூச்சமா இருக்குன்னாரு, 24 வருஷத்துல யாருகிட்டயும் நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு கேட்டதில்லைன்னாரு. நான்தான் மெஸ்காரய்யா சொன்ன வார்த்தைய ஒரு அட்டையில எழுதி, "குறை இருந்தாலும் எழுதுங்க"ன்னு அதையும் சேத்து, க்யூஆர் கோடுக்குக் கீழ ஒட்டி வெச்சேன். இப்ப பில்லு குடுக்கும்போது அட்டைய மட்டும் கஸ்டமர் பக்கமா திருப்பி வெப்பாரு.

அப்பா கல்லு கொத்தற ஃபோட்டோவத்தான் நெறையப் பேர் பாத்திருக்காங்க. போன சனிக்கிழம சங்கனூர் அபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு பையன் கிரைண்டர தூக்கிட்டு வந்தான், ஃபோன்ல அந்த ஃபோட்டோவ காட்டி "இவருதானுங்களா"ன்னு கேட்டான். அப்பா அப்ப உளிய கையில வெச்சுட்டு அதே எடத்துல அதே மாதிரி உக்காந்திருந்தாரு.

ஒண்ணு மட்டும் இன்னும் சரியாகலைங்க. பழைய பில்டிங்கோட ஃபோட்டோவ யாரோ கஸ்டமர் முன்னாடி போட்டிருக்காங்க, அதுதான் கடை பேர தொட்டதும் மொதல்ல பெருசா வருது. புது கடை ஃபோட்டோவ கவர் ஃபோட்டோவா வெச்சும் மாறல. இடம் மாறிடுச்சுன்னு ரெண்டு தடவ ரிப்போர்ட் பண்ணிட்டேன். இத எடுக்க வேற ஏதாவது வழி இருக்குங்களா?